பழைய வீட்டிற்கு ஏற்ற மரச் சாளரம்

பிரிட்டனில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழைமையுடைய வீட்டை விலைக்கு வாங்குவோர், குடிபுகுந்த முதற் குளிர்காலத்திலேயே அவ்வீட்டின் ஜன்னல்களைப்பற்றிக் குறை கூறத் தொடங்கிவிடுகின்றனர். இடுக்கு வழியே காற்றுப் புகுகிறது. சட்டங்கள் கடகடவென ஆடுகின்றன. கயிறு அறுந்த பலகம் உயர்த்திய இடத்தில் நில்லாமல் விழுகிறது. கண்ணாடியில் அரும்பும் நீர் வழிந்து அடிக்கட்டையில் தேங்குகிறது. இவற்றிற்குப் பரிகாரமாக அவர்கள் செவியில் முதலில் விழும் யோசனை, மரச் சாளரத்தைப் பெயர்த்தெறிந்து பிளாஸ்டிக் சாளரம் பொருத்துக என்பதாகும். அவ்வாறு செய்யற்க, பழையதைப் போலவே அளவெடுத்து மரத்திற் புதிதாகச் செய்வித்துக்கொள்க என்று கூறுவோரும் உளர். இவ்விரு யோசனைகளுக்கும் முன்பாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பதும், செய்விப்பதென முடிவு செய்தபின் கேட்கவேண்டிய கேள்விகள் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை என்பதுமே யான் இங்குக் கூற விழைவன.

அயல்நாட்டு வீட்டு ஜன்னலில் இந்திய வாசகருக்கு என்ன அக்கறை என வினவலாம். மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்தை உபயோகிப்பதற்கு 1993இல் விதித்த தடையை 2020இல் நீக்கிக்கொண்டது. ஆதலின் மரத்தை எவ்வாறு தெரிந்தெடுப்பது, எவ்வாறு தச்சரிடம் விவரித்துக் கூறுவது என்னும் பிரச்சினைகள், கால் நூற்றாண்டு மறந்திருந்த நமக்கு மீண்டும் எழுந்துள்ளன. இவ்விஷயத்தில் பிரிட்டிஷார் பட்ட அநுபவம் நம்முடையதைவிட நீண்டது. அவர்கள் செய்த தவறுகளும் நன்கு பதிவாகியுள்ளன.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆதலால், பொருளுக்குள் புகுமுன் சொற்களைப்பற்றிச் சிறிது கூறுவதைப் பொறுத்தருள்க. ஆங்கிலத்தில் ஜன்னலைக் குறிக்கும் ‘விண்டோ’ என்னும் சொல், காற்றின் கண் என்று பொருள்படும் பழைய ஸ்காந்திநேவியச் சொல்லினின்று பிறந்தது. நம் பழந்தமிழில் ‘காலதர்’ என்றால் காற்று வரும் வழி. இரு மொழியாரும் வெளிச்சத்தை நினையாது காற்றையே நினைத்துப் பெயரிட்டனர். நாம் நாள்தோறும் வழங்கும் ‘ஜன்னல்’ போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்றது. இனி, நாம் பேசப்போகும் வகைச் சாளரத்தை ஆங்கிலேயர் ‘சாஷ்’ என்பர். சட்டம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லைப் பன்மை என்று மயங்கி அவர்கள் ஈற்றைக் களைந்ததால் வந்த உருவம் அது. இதனை ‘நழுவுச் சாளரம்’ எனப் பெயர்த்தல் எனக்கு உடன்பாடன்று. யார்க்‌ஷயர்ப் பகுதியில் பக்கவாட்டில் நழுவும் சாளரமும் உண்டு. மேலும் கீழும் செல்வதே இதன் தனி இயல்பாதலின், ‘ஏற்றிறக்குச் சாளரம்’ என்றே இக்கட்டுரையில் வழங்குவேன்.

ஏற்றிறக்குச் சாளரத்தின் அமைப்பு எளியதும் அறிவுநுட்பம் மிக்கதும் ஆகும். கண்ணாடி பதித்த பலகங்கள் இரண்டு. மேற்பலகம் வெளிப்புறக் காடியிலும், கீழ்ப்பலகம் உட்புறக் காடியிலும் ஓடும். இருபுறத்து நிலைகளும் திண்ணிய கட்டைகள் அல்ல. உள்ளே வெற்றிடமுள்ள பெட்டிகள். ஒவ்வொரு பலகத்தின் இருபுறத்திலும் கட்டிய கயிறு, நிலையின் உச்சியிலுள்ள கப்பிமேல் ஏறிப் பெட்டிக்குள் இறங்கி, அங்கே ஓர் எடைக்கட்டியைத் தாங்கி நிற்கும். கிணற்றங்கரையில் ஏற்றம் இறைப்பதைக் கண்டவர்க்கு இத்தத்துவத்தை விளக்க வேண்டுவதில்லை. பலகத்தின் பளுவும் எடைக்கட்டிகளின் பளுவும் சமன்பட்டிருப்பதால், பெரிய பலகத்தையும் ஒரு குழந்தை விரலால் உயர்த்தலாம். இதில் ஒரு நுட்பமும் உண்டு: மேற்பலகத்தின் எடைக்கட்டிகள் பலகத்தைவிடச் சிறிது மிகுதியாகவும், கீழ்ப்பலகத்தின் எடைக்கட்டிகள் சிறிது குறைவாகவும் இருக்கவேண்டும். அப்போதுதான் மேலது மேலேயும் கீழது கீழேயும் தாமாகவே படிந்து சாளரம் மூடிநிற்கும். மேற்பலகத்தைச் சற்று இறக்கிக் கீழ்ப்பலகத்தைச் சற்று ஏற்றி வைத்தால், அறையின் வெப்பக் காற்று மேல்வழியே வெளியேற, குளிர்ந்த காற்று கீழ்வழியே புகும். விசிறியும் மின்சாரமும் இன்றி நடைபெறும் இக்காற்றோட்டத்தை மிஞ்சிய ஜன்னல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்வகைச் சாளரம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பரவலாயிற்று. அதன் பிறப்பிடம் பற்றி ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர் ஆகிய மூவருக்கும் உரிமை கோருவோர் உண்டு. ஹாம் மாளிகை, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை போன்ற இடங்களில் அதன் தொடக்க காலத்து உருவைக் காணலாம். அதன் பின் நேர்ந்த மாறுதல்களுக்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டுமன்று. சட்டமும் வரியும் கண்ணாடித் தொழிலுமே பெரும்பங்கு கொண்டன. 1666இல் லண்டன் மாநகர் தீக்கிரையானதை மறவாத ஆட்சியாளர், 1709ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் மரநிலைகளைச் சுவரின் வெளிமுகத்தினின்று 4 அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் செய்தனர். 1774ஆம் ஆண்டுச் சட்டம் பெட்டிநிலையையே செங்கல்லின் பின்னே மறைக்குமாறு விதித்தது. 1696 முதல் 1851 வரை ஜன்னல்களின் எண்ணிக்கைக்கு வரி இருந்தது. கண்ணாடிமீது இருந்த வரி 1845இல் நீங்கியது. வரியை அஞ்சிச் செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்களை இன்றும் அந்நாட்டுத் தெருக்களில் பார்க்கலாம்.

கண்ணாடியின் வரலாறே பலகத்தின் உருவை நிர்ணயித்தது. 18ஆம் நூற்றாண்டில் நல்ல கண்ணாடி என்பது, உருகிய குழம்பை ஊதிச் சுழற்றித் தட்டு வடிவில் விரித்து, அத்தட்டினின்று வெட்டியெடுத்த சிறு துண்டுகளே. ஆகவே ஒரு பலகத்திற்கு ஆறு கண்ணாடிகளும் அவற்றைத் தாங்கும் மெல்லிய குறுஞ்சட்டங்களும் தேவைப்பட்டன. அந்நூற்றாண்டின் இறுதியில் தச்சர்கள் இக்குறுஞ்சட்டங்களைச் சுமார் அரை அங்குல அகலம் வரையில் இழைத்து மெலிதாக்கிவிட்டனர். விக்டோரியா அரசியின் காலத்தில் பெரிய தகட்டுக் கண்ணாடி மலிந்தது, குறுஞ்சட்டங்கள் மறைந்தன, ஆனால் கண்ணாடியின் பளு ஏறி, பலகத்தின் மூட்டுகள் தளரலாயின. அதற்காகவே மேற்பலகத்தின் பக்கச் சட்டங்களைச் சந்திப்புச் சட்டத்திற்குக் கீழே சிறிது நீட்டிக் ‘கொம்பு’ வைத்தனர். கொம்பு என்பது அலங்காரம் அன்று. மூட்டின் வலிமைக்காக விட்ட மரம். ஆதலின் ஆறு கண்ணாடி கொண்ட 18ஆம் நூற்றாண்டுப் பாணிப் பலகத்தில் கொம்பு வைத்துத் தரும் தச்சன், எவ்வளவு இனிமையாகப் பேசினும், அவ்வீட்டின் காலத்தை உணராதவனே.

இனி, தலையாய விஷயத்துக்கு வருவோம். மரம் உளுத்துப்போகும், பிளாஸ்டிக் உளுக்காது என்னும் எண்ணம் பிரிட்டனில் ஆழ வேரூன்றியமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1960களிலும் 1970களிலும் கட்டிய வீடுகள் பலவற்றின் மரச் சாளரங்கள் சில ஆண்டுகளிலேயே அடிமூட்டில் உளுத்தன. அதே தெருவில் இருநூறு ஆண்டு நின்ற சாளரங்களோ உறுதியாக இருந்தன. இரண்டும் பைன் மரமே. எனின் வேற்றுமை எங்கிருந்து வந்தது? பழைய தச்சர் கைக்கொண்டது பால்டிக் கடற்பகுதிக் காடுகளில் மிக மெதுவாக வளர்ந்த பைன், அதன் ஆண்டு வளையங்கள் நெருக்கமானவை, வைரம் மிகுதி. பிற்காலத்தில் கிடைத்ததோ விரைந்து வளர்ந்த இளமரம். அதில் வெளிறு மிகுதி. ஐரோப்பியத் தர அளவை மரத்தின் இயற்கை நிலைப்பை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. தேக்கு முதல் வகுப்பில் உள்ளது. பைனின் வைரம் மூன்று, நான்காம் வகுப்புகளில் அடங்குகிறது. பைனின் வெளிறோ கடைசி வகுப்பாகிய ஐந்தாவதில் உள்ளது. எம்மரமாயினும் வெளிறு நிலைக்காது என்பதே பொது விதி. ஆக, 1960களின் தோல்வி மரத்தின் தோல்வியன்று; வைரத்தையும் வெளிறையும் பிரித்தறியாது வாங்கியோரின் தோல்வி. பழி மட்டும் மரத்தின்மேல் விழுந்தது.

உளுத்தல் என்பதும் மர்மமான நோயன்று. மரத்தைத் தின்னும் காளான்களின் வித்துக்கள் காற்றில் எங்கும் உள்ளன. மரத்தின் ஈரம், அதன் உலர்ந்த எடையில் சுமார் 20 விழுக்காட்டிற்கு மேல் நீடித்து நின்றாலன்றி அவை வளரமாட்டா. மரத்தின் குறுக்கு வெட்டுமுகம், நீர்க்குழாய்க் கற்றையின் வாய் போன்றது. பக்கமுகத்தைவிடப் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். கழுந்து துளையிற் புகும் அடிமூட்டில் இவ்வெட்டுமுகமே உள்ளது. கண்ணாடியைப் பதித்த மக்கு வெடித்தால் அவ்வெடிப்பு வழியே மழைநீர் மூட்டுக்கு இறங்குகிறது; மேலே பூசிய கெட்டியான வண்ணம் அந்நீரை உலரவிடாமல் சிறைவைக்கிறது. சாளரம் எங்கே கெடும் என்பதை இதிலிருந்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்: அடிக்கட்டையும், கீழ்ப்பலகத்தின் அடிச்சட்டமும், அவற்றின் இரு மூலைகளும். எஞ்சிய பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

இதனால்தான் முதற்கேள்வி “எதைப் பொருத்துவது?” என்பதாக இராமல், “எவ்வளவு கெட்டிருக்கிறது?” என்பதாக இருத்தல் வேண்டும் என்கிறேன். கூரிய ஊசியால் அடிமூட்டுகளைக் குத்திப் பார்த்தாலே விடை தெரியும். கெட்ட மரத்தை வெட்டியெடுத்து அதே இன மரத்தை ஒட்டுப்போடுவதும், கயிறுகளை மாற்றுவதும், ஓரங்களில் காற்றுத்தடுப்புப் பட்டைகளைப் பதிப்பதும் சாதாரணத் தச்சருக்குத் தெரிந்த வேலைகளே. நல்ல நிலையிலுள்ள ஏற்றிறக்குச் சாளரத்திற் காற்றுத்தடுப்புப் பட்டை பதித்தால், இடுக்கு வழியே புகும் காற்று 86 விழுக்காடு வரை குறையக்கூடும் என இங்கிலாந்தின் மரபுச்சின்னத் துறையினர் செய்வித்த சோதனைகள் காட்டின.

வெப்பத்தைப்பற்றியும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒற்றைக் கண்ணாடியின் வழியே, ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளும் புறமும் உள்ள ஒவ்வொரு பாகை வேற்றுமைக்கும் ஏறத்தாழ 5 வாட் வெப்பம் வெளியேறுவதாகக் கொள்வோம். ஜன்னலின் பரப்பு 1.5 சதுர மீட்டர், அறையில் 20 பாகை, வெளியே உறைநிலை. இழப்பு 150 வாட். ஸ்காட்லாந்தில் 2008இல் வெளியான ஆய்வறிக்கையின்படி, உட்புறத்து மரக்கதவுகளை இரவில் மூடுவதால் மட்டும் இவ்விழப்பு 51 விழுக்காடு குறைகிறது; அதாவது 74 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. பழைய சாளரத்தைத் தொடாமல் உட்புறத்தில் தனியாக ஒரு துணைக்கண்ணாடி பொருத்தினால் 63 விழுக்காடு குறைந்து, 55 வாட் அளவில் நிற்கும். இங்கிலாந்தில் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகள் மாற்றுச் சாளரங்களுக்கு விதித்த வரம்பு 1.4 வாட், அக்கணக்கில் புத்தம்புதிய இரட்டைக் கண்ணாடிச் சாளரத்தின் இழப்பு 42 வாட் ஆகும். 150க்கும் 55க்கும் உள்ள வேற்றுமை பெரிது. 55க்கும் 42க்கும் உள்ள வேற்றுமை 13 வாட். இந்தப் பதின்மூன்று வாட்டுக்காகவே நூற்றாண்டுகள் நின்ற மரம் குப்பைக்கு அனுப்பப்படுகிறது. வெப்பம் மீதம் என்னும் வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வாதத்தின் பெரும்பகுதியைத் துணைக்கண்ணாடியே நிறைவேற்றிவிடுகிறது என்பதை விற்பனையாளர் கூறுவதில்லை.

பிளாஸ்டிக் சாளரத்திற்கு நியாயமாகக் கூறவேண்டியவற்றையும் கூறிவிடுகிறேன். விலை குறைவு, வண்ணம் பூசவேண்டியதில்லை, புது வீட்டில் அதனை வைப்போரிடம் எனக்கு வழக்கில்லை. ஆனால் அதன் சட்டங்கள் வலிமைக்காகப் பருமனாகச் செய்யப்படுபவை. அரை அங்குலக் குறுஞ்சட்டம் இருந்த இடத்தில் அவை வரும்போது வீட்டின் முகமே மாறிவிடும். அன்றியும், சட்டம் விரிந்தோ வளைந்தோ கெட்டால் ஒட்டுப்போட வழியில்லை, முழுவதையும் எறியவேண்டும்.

மரம் உண்மையிலேயே மீட்கவொண்ணாதபடி கெட்டுவிட்டது, அல்லது முன்னிருந்தோர் பழைய சாளரத்தை எடுத்துவிட்டுப் பொருந்தாத ஒன்றை வைத்துவிட்டனர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அளவெடுத்து மரத்திற் செய்விப்பதே முறை. தச்சரிடம் கேட்கவேண்டிய முதல் வினா, எந்த மரம் என்பது மட்டுமன்று, அம்மரத்தின் எந்தப் பகுதி என்பதும் ஆகும். ஐரோப்பியப் பைனாயின் வெளிறு எவ்வளவு இருக்கும், அதற்குப் பாதுகாப்பு மருந்து ஏற்றப்பட்டதா எனக் கேட்கவேண்டும். ஆப்பிரிக்காவின் சப்பேலி மரமாயின், அது சட்டப்படி வெட்டப்பட்டதற்குச் சான்று உண்டா எனக் கேட்கவேண்டும். ஓக் மரம் நிலைக்கும். ஆனால் அதிலுள்ள துவர்ப்பொருள் சாதாரண இரும்பாணியை அரித்துக் கருங்கறை உண்டாக்கும்.

இவற்றோடு இக்காலத்தில் ரசாயன முறையில் மாற்றிய மரமும் சேர்ந்துள்ளது. மரத்தின் செல்சுவர்களில் நீரைப் பற்றிக்கொள்ளும் ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. விரைந்து வளரும் ரேடியாட்டா பைனை அசெட்டிக் அன்ஹைட்ரைடுடன் வினைபுரியச் செய்தால், அத்தொகுதிகளில் பெரும்பகுதி அசெட்டைல் தொகுதிகளாக மாறிவிடும். பின்னர் செல்சுவர் நீரை ஏற்பதில்லை. மரம் ஈரத்தில் ஊதுவதும் கோடையில் சுருங்குவதும் மிகக் குறையும். காளானும் அதனை உணவாகக் கொள்ள இயலாது. நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் 2007 முதல் பெருமளவில் தயாராகி, ‘அக்கோயா’ என்னும் பெயரில் விற்கும் இம்மரத்திற்கு, நிலத்தைத் தொடாத இடத்தில் 50 ஆண்டு உத்தரவாதம் தரப்படுகிறது. மட்டமான மரம் ஒன்று முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டது என்ற வகையில் இது வியக்கத்தக்க சாதனையே. ஆயினும் அதில் எஞ்சிநிற்கும் புளிக்காடிச் சத்து சாதாரண ஆணி, திருகுகளை அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு தவிர வேறு எதையும் அதில் பயன்படுத்தலாகாது. இதனை அறியாமல் இரும்புத் திருகு வைக்கும் தச்சர் விலையுயர்ந்த மரத்தின் பயனை அழித்துவிடுவார்.

அடுத்தது பளு. இதனைப்பற்றிப் பலர் சிந்திப்பதே இல்லை. ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 2.5 கிலோகிராம் நிறையுடையது. முக்கால் சதுர மீட்டர்ப் பலகத்தில் 4 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடியின் பளு 7.5 கிலோ, இரட்டைக் கண்ணாடியாயின் 15 கிலோ. ஒவ்வொரு புறத்து எடைக்கட்டியும் மூன்றே முக்கால் கிலோ கூடவேண்டும். பெட்டிநிலைக்குள் உள்ள இடமோ அளவானது. வார்ப்பிரும்பின் ஒப்படர்த்தி சுமார் 7.2, ஈயத்தினது 11.3, ஆகவே அதே பளுவை ஈயத்திற் செய்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இடமே போதும். எடைக்கட்டிகளை ஈயத்திற்கு மாற்றாமல் இரட்டைக் கண்ணாடி பதித்த சாளரம், உயர்த்திய கையை விட்டவுடன் விழும் பொறியாகிவிடும். எடைக்குப் பதிலாகச் சுருள்வில் வைத்துப் பெட்டியையே ஒழித்துவிடுவோரும் உண்டு. புதிய வீட்டில் அது பொருந்தும். பழைய வீட்டின் சுவர் பெட்டிநிலைக்கென்றே வெட்டப்பட்டிருப்பதால் அங்கே அது அந்நியமாகவே நிற்கும்.

சாதாரண இரட்டைக் கண்ணாடி 24 மில்லிமீட்டர் தடிப்புடையது. பழைய மெல்லிய பலகத்தில் அதற்கு இடமில்லை. அதைவிட மெலிந்த இரட்டைக் கண்ணாடிகளும், இரு கண்ணாடிகளுக்கிடையே வெற்றிடம் வைத்து ஒட்டிய விலைமிக்க வகையும் இப்போது கிடைக்கின்றன. எதுவாயினும் அதன் ஓர ஒட்டு சில பத்தாண்டுகளில் தளர்ந்து உள்ளே மூடுபனி படர்வது உண்டு. ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த பழைய மக்கு அவ்வொட்டைக் கெடுக்குமாதலால், பொருத்தமான வேறு மக்கையே கேட்டுப் பெறவேண்டும். ஒரே பெரிய கண்ணாடியின்மேல் மெல்லிய சட்டங்களை வெறுமனே ஒட்டி ஆறு கண்ணாடிபோல் தோற்றுவிக்கும் தந்திரத்தை நான் விரும்பவில்லை. பழைய ஊதுகண்ணாடி எங்கேனும் உடையாமல் எஞ்சியிருப்பின் அதைக் கழற்றிப் புதிய பலகத்திற் பதிப்பது நன்று. அதன் மெல்லிய அலைவில் வானம் அசைந்து தெரிவதை, 1959இல் பில்கிங்டன் நிறுவனத்தார் அறிவித்த மிதவைமுறைக் கண்ணாடியின் குற்றமற்ற சமதளம் தரமாட்டாது.

பழைய வீட்டில் எந்த இரு ஜன்னல்களும் ஒரே அளவாக இருப்பதில்லை. சுவர் சாய்ந்திருக்கும்; நிலை முக்கோணித்திருக்கும். ஆதலின் ஒவ்வொரு திறப்பையும் மேலும் கீழும் நடுவிலும் மூலைவிட்டத்திலும் அளந்தெழுதாத தச்சரிடம் வேலையை ஒப்படைத்தல் கூடாது. குறுஞ்சட்டத்தின் குறுக்குவெட்டை அட்டையில் வரைந்தெடுத்து அதன்படியே இழைக்கச் சொல்லவேண்டும். கழுந்தின் வெட்டுமுகங்களும் மற்ற எல்லா முகங்களும், மூட்டுவதற்கு முன்னரே முதற்பூச்சுப் பெற்றாக வேண்டும். மூட்டியபின் எந்தத் தூரிகையும் அங்கே எட்டாது. மேற்பூச்சு, நீராவியை வெளியே விடும் வகையாக இருத்தல் நலம். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்குமாதலின், உலர்ந்த நிலையில் அதைத் தேய்த்துத் தூளாக்குவது வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு நஞ்சூட்டுவதாகும்.

சட்டமும் இவ்விஷயத்தில் தலையிடுகிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிலாந்தில் மரபுப் பட்டியலிற் சேர்ந்த வீட்டின் இயல்பைப் பாதிக்கும் மாறுதலை அனுமதியின்றிச் செய்வது குற்றம். அபராதம் மட்டுமன்றிச் சிறைத்தண்டனையும் உண்டு. சொத்துடையவனின் சுதந்திரத்தில் தலையிடுவதாக இதைக் கண்டிப்போர் உளர். தெருவின் முகம் தெருவார் அனைவருக்கும் உரியது என்னும் கொள்கையே எனக்குச் சரியெனப் படுகிறது. ஆனால் அனுமதி தரும் அதிகாரி துணைக்கண்ணாடியையும் மறுத்து, வெப்பச் சேமிப்பை அறவே புறக்கணிப்பாராயின், மக்கள் சட்டத்தை வெறுப்பர். பழைய வீடுகளையும் வெறுப்பர்.

நம் நாட்டில் ஏற்றிறக்குச் சாளரம் பெரிதும் வேரூன்றவில்லை. வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மட்டும் விடும் சாய்பலகைக் கதவுகளே இங்கே ஏற்றவை. ஆங்கிலேயரும் விரைவில் அதை உணர்ந்தனர். எனினும் மரத்தைப்பற்றிய விஷயம் எங்கும் ஒன்றே. சிம்லாவில் 1888இல் கட்டி முடித்து, இப்போது இந்திய உயர் ஆய்வு நிறுவனம் இயங்கும் வைசிராய் மாளிகையின் உட்பகுதியில் பர்மாத் தேக்கு இழைத்துள்ளனர். அத்தகைய மரத்தை இனி எந்த ஒப்பந்தக்காரரும் கொண்டுவந்து தர இயலாது. தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தார் மரத்துண்டுகளை மண்ணிற் புதைத்து, அவை எத்தனை மாதம் உளுக்காது நிற்கின்றன என்று பார்த்து வகுப்புப் பிரித்துள்ளனர். 120 மாதத்திற்கு மேற்பட்டவை முதல் வகுப்பு, 60 முதல் 120 வரை இரண்டாம் வகுப்பு, அதற்கும் குறைந்தவை மூன்றாம் வகுப்பு. தேக்கும் சாலும் முதல் வகுப்பின. ஆனால் அவ்வகுப்பு வைரத்திற்கே உரியது. தேக்கின் வெளிறு தேக்கு என்னும் பெயரைத் தாங்குமேயன்றி அதன் ஆயுளைத் தாங்காது.

விலைப்பட்டியலில் “முதல்தரத் தேக்கு” என ஒரு சொல் எழுதி முடித்துவிடும் பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. அவ்விடத்தில், வெளிறு எந்த முகத்திலும் காணலாகாது, பொருத்தும் நாளில் ஈரம் இத்தனை விழுக்காட்டிற்கு மேற்படலாகாது, கழுந்தின் வெட்டுமுகம் மூட்டுமுன் பூசப்பட்டிருக்கவேண்டும் என மூன்று வாக்கியங்கள் சேர்க்கப்படுதல் வேண்டும் என்பது என் கருத்து. தடை நீங்கியபின் மரம் மீண்டும் அரசுக் கட்டடங்களுக்குள் வரும்போது, 1960களின் பிரிட்டிஷ் சாளரங்களைப் போன்று சில ஆண்டுகளில் உளுத்து, மரத்திற்கே மறுபடியும் தடை கேட்கும் நிலை வராதிருக்க இம்மூன்று வாக்கியங்கள் போதுமானவை. அவற்றை மாநில மொழிகளிற் பெயர்க்கும்போது தச்சர் வழங்கும் வைரம், வெளிறு, கழுந்து, காடி என்னும் சொற்களையே இடுக. வேலையை ஏற்கும் தச்சரே அதனைப் படிக்கவேண்டியவர்.